பிக்கப் வண்டிக்கு அகல டயரா, குறுகிய டயரா?

நமது கிராமங்களில் ஒரு காலத்தில் மாட்டு வண்டிகள் சுமந்த பாரத்தில் பெரும்பகுதியை இப்பொழுது பிக்கப் என்று வழங்கும் சிறு மோட்டார் பாரவண்டிகள் சுமக்கின்றன. காய்கறிப் பெட்டிகள், உர மூட்டைகள், வைக்கோல் கட்டுகள், ஆடு மாடுகள், கலியாணப் பந்தல் சாமான்கள் ஆகிய யாவும் இவற்றிலேயே போய் வருகின்றன. குடியானவர்களில் பலர் இவ்வண்டியைக் கடனுக்கு வாங்கி மாதத் தவணை செலுத்தி வருபவர்கள். வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்ததும் அவர்கள் டயர்க் கடைக்குச் செல்லுகிறார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு யோசனை சொல்லப்படுகிறது: "கம்பெனி போட்ட டயர் ஒடிசல். அகலமாகப் போட்டுக்கொள்ளுங்கள். சேற்றில் புதையாது, பாரம் கூடுதலாகத் தாங்கும், ரோட்டில் பிடிப்பு அதிகம், வண்டிக்கும் பார்வை வரும்."

இந்நான்கு வசனங்களில் கடைசியானதைப் பற்றி நமக்கு ஆட்சேபம் இல்லை. மற்ற மூன்றும் எவ்வளவு தூரம் உண்மை என்பதைப் பணம் கொடுக்குமுன் ஆராய்ந்து பார்த்தல் அவசியம். நான்கு டயர்களும், அவற்றுக்கு ஏற்ற ரிம்களும், ஸ்டெப்னியும் மாற்றுவதற்கு ஆகும் தொகை சிறு குடியானவருக்கு ஒரு போகத்தின் மிச்சத்தை விழுங்கிவிடக் கூடியது. அன்றியும், வண்டிக்குப் பொருந்தாத டயர் முழுப் பாரத்தோடு நெடுஞ்சாலையில் வெடித்தால் நஷ்டம் பணத்தோடு நிற்பதில்லை.

சேற்றில் புதையாதா?

இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரத்தை அறிந்த பெரியோர்கள் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் அந்தப் பட்டை மண் ரஸ்தாவைக் கத்தி போல் அறுத்துக்கொண்டு செல்லும். முதல் வண்டி போன தடத்திலேயே அடுத்த வண்டியும் போகும். தை மாசம் பிறப்பதற்குள் அச்சு தரையில் தட்டுமளவுக்குப் பள்ளம் விழுந்துவிடும். பின்னர் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரம் பூட்டிய டயர் வண்டி வந்தது. அதே மாடுகள் முன்னிலும் அதிக பாரத்தை இலேசாக இழுத்தன. ரஸ்தாவும் அவ்வளவாக அறுபடவில்லை. இதனால் பட்டை அகலமானால் எல்லாம் சரியாகும் என்ற எண்ணம் நம்மவர் மனத்தில் வேரூன்றிவிட்டது.

இவ்வெண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1753-ஆம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்து, சுங்கச் சாலைகளில் செல்லும் பெரிய பாரவண்டிகளின் சக்கரப் பட்டை 9 அங்குல அகலம் இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். வண்டிக்காரர்கள் அளவில் குறை வைக்கவில்லை. ஆனால் சக்கரத்தைச் சாய்வாகவும் பட்டையின் நடுப்பாகம் புடைத்திருக்கும்படியும் செய்துகொண்டார்கள். அதிகாரி அளந்து பார்த்தால் 9 அங்குலம் இருக்கும். தரையில் பட்டது அதில் ஒரு பகுதியே. சக்கரத்தின் அகலம் வேறு, தரையில் படும் பரப்பு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. நமது பிக்கப் வண்டியின் விஷயமும் இதுவே.

காற்றடைத்த டயர் தரையில் எவ்வளவு பரப்பைத் தொடுகிறது என்பதை நிர்ணயிப்பவை இரண்டு. ஒன்று அதன்மேல் உள்ள பாரம். மற்றொன்று அதனுள் உள்ள காற்றின் அழுத்தம். ஒரு பின் சக்கரத்தின்மேல் 900 கிலோ, அதாவது சுமார் 2,000 பவுண்டு பாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு காற்று அடைத்திருந்தால், அந்தப் பாரத்தைத் தாங்க 40 சதுர அங்குலம் தரையில் பட்டாக வேண்டும். டயர் ஒடிசலானாலும் 40. அகலமானாலும் ஏறக்குறைய 40 தான். தரையில் படும் அகலம் 6 அங்குலமாயின் அப்பரப்பு முன்பின்னாகச் சுமார் 6½ அங்குலம் நீண்டிருக்கும். அகலம் 8 அங்குலமாயின் நீளம் 5 அங்குலமாகச் சுருங்கும். மாறுவது உருவமே அன்றி அளவன்று. டயரின் பக்கச் சுவருக்கு உள்ள விறைப்பும் பாரத்தில் ஒரு சிறு பங்கைத் தாங்குவதால் இக்கணக்கு அணுப் பிசகாமல் நிற்பதன்று. எனினும் நமது காரியத்துக்கு இது போதும்.

இப்பொழுது காற்றை 50 பவுண்டிலிருந்து 25 ஆகக் குறைத்துப் பாருங்கள். 40 சதுர அங்குலம் 80 ஆகிவிடுகிறது. சேற்றில் புதையாமல் வண்டியைத் தாங்குவது இந்தப் பெருகிய பரப்பே. அகல டயரின் உண்மையான அநுகூலம் யாதெனில், அதன் உள்ளே காற்று அடங்கும் இடம் அதிகமாகையால், அதே பாரத்தைக் குறைந்த அழுத்தத்தில் தாங்க இயலும். காற்றைக் குறைக்காமல் அகல டயர் மாத்திரம் மாட்டினால் அந்த அநுகூலத்தில் மிகச் சிறு பாகமே கிடைக்கும்.

தருமபுரிச் சீமையில் தக்காளி ஏற்றும் குடியானவர் ஒருவர் இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டார். அவர் அகல டயர்கள் மாட்டி, வழக்கப்படி கடைப் பையனிடம் "50 பாயிண்ட் வை" என்று சொல்லிக் காற்றடித்துக்கொண்டு வந்தார். ஐப்பசி மழையில், ஐம்பது பெட்டி தக்காளியோடு, முன் வருஷம் எந்தக் களத்து வாசலில் வண்டி புதைந்ததோ அதே இடத்தில் மறுபடியும் புதைந்தது. டிராக்டர் வந்து இழுப்பதற்குள் மார்க்கெட் நேரம் கடந்துவிட்டது. டயர்க் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அவர் நம்மிடம் சொன்னார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதி, அவர் காற்றைக் குறைக்கவில்லை என்பது. ஆனால் இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது: ஐம்பது பெட்டிப் பாரத்தோடு காற்றைக் குறைத்திருந்தால் டயர் கெட்டிருக்கும். பாரத்தைச் சுமப்பது காற்றே. காற்றைக் குறைத்தால் சுமக்கும் சக்தியும் குறைகிறது. பாரத்தோடு காற்றுக் குறைந்து ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக நெளிந்து, சூடேறி, பக்கச் சுவரில் உள்ள இழைகள் பிரிந்து, சில மைல்களில் கிழிந்துவிடும். முழுப் பாரமும், புதையாத மெத்தென்ற நடையும் ஒரே டயரில் ஒரே வேளையில் கிடைப்பவை அல்ல.

டிராக்டர் ஏன் புதைவதில்லை என்று கேட்கலாம். அதன் பின் டயரின் அகலத்தைப் பார்த்தே நமது குடியானவர்கள் அகல டயரை நாடுகிறார்கள். ஆனால் வயலில் ஓடும் டிராக்டரின் பின் டயரில் பெரும்பாலும் 12 முதல் 15 பவுண்டு காற்றே இருக்கும். சக்கரத்தின் உயரமும் மிக அதிகம். பிக்கப் வண்டியில் அதில் மூன்று நான்கு மடங்கு அழுத்தத்தை வைத்துக்கொண்டு அகலத்தை மட்டும் கூட்டுவது, யானைக் காலைப் பார்த்துவிட்டு மாட்டுக்கு லாடத்தைப் பெரிதாக அடித்த கதையாகும்.

மணலில் இவ்வுண்மையை அநுபவத்தில் கண்டவர்கள் லிபியப் பாலைவனத்தில் மோட்டாரில் பிரயாணம் செய்தவர்கள். பாக்னால்ட் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1920-களின் பிற்பகுதியிலிருந்து சாதாரண போர்டு கார்களில் அம்மணற் குன்றுகளைக் கடந்து பழகினார். 1940-இல் யுத்தத்தின்போது அவர் அமைத்த பாலைவனப் படையினர் செவர்லே சிறு லாரிகளை ஓட்டினார்கள். அகலமான டயர், அதிலே குறைந்த காற்று, புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் இடுவதற்கு இரும்புத் தகடு ஆகிய மூன்றும் அவர்களுடைய சாதனங்கள். 1942-இல் அமெரிக்கர் செய்த நீரிலும் நிலத்திலும் ஓடும் ராணுவ லாரி ஒன்றில், டிரைவர் இருக்கையை விட்டு இறங்காமலே டயரில் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் வசதி அமைத்தார்கள். இவர்கள் எவரும் அகலத்தை மட்டும் நம்பவில்லை. நம் ஊரில் புதைந்த சக்கரத்தடியில் பனைமட்டையும் தழையும் வைக்கோலும் போடுகிறோமே, அந்த இரும்புத் தகட்டின் வேலையும் அதுவே.

எந்த மண், எந்த டயர்

மண்ணைப் பார்க்காமல் டயரைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக் காடுகளின் செம்மணலிலும், வேதாரணியம் போன்ற கடலோரங்களின் உலர்ந்த மணலிலும் அடியில் கெட்டித் தரை எட்டுவதில்லை. அங்கே குறுகிய, இறுகக் காற்றடைத்த சக்கரம் குழி தோண்டும். டிரைவர் அவசரப்பட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று இன்னும் ஆழமாகத் தோண்டும். இத்தகைய இடத்தில் தினந்தோறும் போக வேண்டிய வண்டிக்கு, வண்டி செய்தவர்கள் அனுமதித்த அளவுக்குள் அகல டயர் நல்லது. பாரமில்லாத வண்டியில் காற்றை 20 பவுண்டு வரை இறக்கி, மெதுவாக, நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்.

செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம் இதற்கு நேர் விரோதமானது. மேலே இரண்டு மூன்று அங்குலம் குழைந்திருக்கும். அதன் கீழே கல் போன்ற தரை இருக்கும். குறுகிய டயர் அந்தக் குழைவை அறுத்துக்கொண்டு கீழே இறங்கிக் கெட்டித் தரையைப் பிடிக்கிறது. அகல டயரோ குழைவின் மேலேயே ஏறி வழுக்குகிறது. தருமபுரித் தக்காளிக்காரருக்குப் பழைய டயரே பெரும்பாலான நாட்களில் சகாயமாயிருந்தது என்பதை அவர் பின்னர் தாமே ஒப்புக்கொண்டார். பனி பெய்யும் நாடுகளிலும் புதிய பனியை அறுத்து ரஸ்தாவைத் தொடுவதற்காகக் குறுகிய டயரை விரும்புகிறவர்கள் உண்டு, காரணம் இதுவேயாம்.

கரிசல் பூமியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோவிற்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கங்களில் வண்டி ஓட்டுகிறவர்கள், "கரிசலுக்கு எந்த டயர்?" என்று கேட்டால் அவர்களுக்கு ஒரே விடை சொல்ல முடியாது, ஏனெனில் அது ஒரே மண் அன்று. ஒரு மழை மட்டும் பெய்திருந்தால் மேல் மண் பசை போலாகியிருக்கும். அடிமண் உலர்ந்து இறுகியிருக்கும். அப்பொழுது குறுகிய டயருக்கே காரியம் கைகூடும். பட்டன்களுக்கு இடையே இடைவெளி அகலமாயுள்ள டயராயிருந்தால் ஒட்டிய மண்ணைச் சுழலும்போதே உதறிவிடும். அகல டயர் அதிக மண்ணை வாரிக்கொள்ளும். மட்கார்டுக்கும் டயருக்கும் உள்ள சந்து குறைந்திருப்பதால் மண் அங்கே அடைத்து, சக்கரமே சுற்றாமல் நின்றுவிடுவதும் உண்டு. அடைமழை ஒரு வாரம் நின்று பெய்து, கரிசல் அடிவரை ஊறிப் பொதும்பிவிட்டாலோ, எந்த டயரும் பாரவண்டிக்கு உதவாது. வரப்பு ஓரம் வண்டியை நிறுத்திவிட்டு, விளைச்சலை டிராக்டர் டிரெய்லரில் கெட்டி ரஸ்தாவுக்குக் கொண்டுவந்து ஏற்றுவதே அங்குள்ளவர்கள் செய்துவரும் வழி. இதற்கு ஆகும் வாடகையை நான்கு அகல டயர்களின் விலையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம். வருஷத்தில் இப்படிப்பட்ட நாட்கள் எத்தனை என்பதை அவரவர் விரல் விட்டு எண்ணிக்கொள்ளலாம்.

தஞ்சை, நாகை வண்டல் வயல்களில் சம்பா அறுவடையானபின் மேல் ஏடு காய்ந்து, உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஏடு உடையாமல் போவதற்கு அகல டயர், இலேசான பாரம், குறைந்த காற்று என்ற மூன்றும் சேர வேண்டும். வைக்கோல் போன்ற கனம் குறைந்த பாரம் ஏற்றுபவர்களுக்கு இது பொருந்தும். நெல் மூட்டைக்குப் பொருந்தாது.

பாரம் தாங்குமா?

அகலமான டயர் அதிக பாரம் தாங்கும் என்பது கடைத்தெருவில் நிலவும் தவறான அபிப்பிராயங்களில் மிகவும் ஆபத்தானது. டயர் எவ்வளவு தாங்கும் என்பதை அதன் பக்கச் சுவரில் எண்ணாகவே பொறித்திருக்கிறார்கள். ஊகிக்க வேண்டியதே இல்லை. அளவைக் குறிக்கும் எண்களுக்கு அடுத்தாற்போல் 100, 104, 106 என்ற எண்களில் ஒன்று இருக்கும். 100 என்றால் அந்த டயர் ஒன்று 800 கிலோ தாங்கும். 104 என்றால் 900. 106 என்றால் 950. 108 என்றால் 1,000. 112 என்றால் 1,120 கிலோ.

சந்தையில் 195 மில்லிமீட்டர் அகலமுள்ள, பாரவண்டிக்கென்றே 8 பிளை பலத்தில் செய்த, 106 எண் பொறித்த டயர் உண்டு. 235 மில்லிமீட்டர் அகலமுள்ள, பிரயாணிகள் செல்லும் ஜீப் வகை வண்டிகளுக்காகச் செய்த, 105 எண் பொறித்த டயரும் உண்டு. பார்வைக்குப் பின்னது பலசாலி. ஆனால் முன்னது 950 கிலோ தாங்கும். பின்னது 925 தான் தாங்கும். அதுமட்டுமன்று. பிரயாணி வண்டிக்கான டயரைப் பாரவண்டியில் மாட்டினால் அதன் சக்தியை 1.1 ஆல் வகுத்தே கணக்கிட வேண்டும் என்பது அமெரிக்காவில் அநுஷ்டிக்கப்படும் விதி. பாரவண்டி படும் பாடு அப்படி. அவ்வாறு வகுத்தால் 925 என்பது 841 ஆகிவிடுகிறது. ஆகவே பணம் கொடுத்து அகலம் வாங்கியவர், சக்கரம் ஒன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் சக்தியைக் கைவிட்டு வருகிறார். குறுகிய டயர் அவ்வளவு தாங்குவதன் இரகசியம், அது 65 பவுண்டு வரை காற்றைப் பொறுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டிருப்பது. அகலமானதோ சுமார் 36 பவுண்டில் தன் எல்லையை எட்டுகிறது. பாரவண்டிக்கென்றே செய்த அகல டயர்களும் உண்டு. அவை இந்தக் குறைக்கு உட்பட்டவை அல்ல. விலையும் எடையும் அதற்கேற்ப அதிகம்.

அகல டயர் போட்டோம் என்ற தைரியத்தில் பத்து மூட்டை கூடுதலாக ஏற்றுவது மற்றொரு விபரீதம். டயர் தாங்கினாலும் அச்சும் பட்டையும் பிரேக்கும் தாங்க வேண்டுமே! ரஸ்தாவைப் பற்றி நினைப்பவர் ஒருவருமில்லை. அமெரிக்காவில் இல்லினாய் ராஜ்யத்தில் 1958 முதல் 1960 வரை, இதற்கென்றே ரஸ்தாக்கள் போட்டு, அவற்றின்மேல் லாரிகளை இடைவிடாமல் ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின்மேல் உள்ள பாரம் இருமடங்கானால் ரஸ்தாவுக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்றும், ஒன்றரை மடங்கானால் 5 மடங்காகிறது என்றும் அதிலிருந்து கண்டார்கள். நமது கிராமத்துத் தார் ரஸ்தாவைக் கெடுப்பதில் டயரின் அகலத்துக்கு உள்ள பங்கு சொற்பம்; பாரத்தின் பங்கே பெரிது.

ரோட்டில் பிடிப்பு

உலர்ந்த தார் ரஸ்தாவில் திருப்பங்களில் அகல டயர் கொஞ்சம் உறுதியாக நிற்கும் என்பது மெய். வேகமாகத் திரும்பும் கார்களுக்கு அது பயன்படும். பாரத்தோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டிக்கு அவ்வளவாக வேண்டுவதில்லை. மழையில் நிலைமை மாறுகிறது. ரஸ்தாவில் தேங்கிய நீரை டயர் இருபுறமும் ஒதுக்கிவிட்டுத் தரையைத் தொட வேண்டும். அகலம் அதிகமானால் ஒதுக்க வேண்டிய நீரும் அதிகம். ஒதுக்க முடியாத வேகத்தில் டயர் நீரின்மேல் ஏறி மிதக்கத் தொடங்கும். அப்பொழுது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயனற்றவை. விமானச் சக்கரங்களைக் கொண்டு அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் செய்த சோதனைகளிலிருந்து 1963-இல் வெளியான கணக்குப்படி, இந்த வேகம் காற்றழுத்தத்தைப் பொறுத்தது. தேய்ந்த டயரில் 50 பவுண்டு காற்று இருந்தால் மணிக்குச் சுமார் 118 கிலோமீட்டரில் மிதக்கும். 25 பவுண்டாயின் சுமார் 83 கிலோமீட்டரிலேயே மிதந்துவிடும். வயலுக்காகக் காற்றைக் குறைத்த அகல டயரோடு, பாரத்தை இறக்கிவிட்டு, மழையில் நெடுஞ்சாலையில் விரைந்து திரும்பும் வண்டியின் ஸ்திதி இதனால் விளங்கும். வயலை விட்டு ஏறியதும் மறுபடி காற்றடைக்காமல் வேகம் எடுக்கலாகாது.

எண்ணெய்ச் செலவைப் பற்றியும் கேட்பார்கள். அகல டயர் கனம் அதிகமாகையாலும், காற்றை எதிர்த்துச் செல்லும் முகப்பு அதிகமாகையாலும் டீசல் கொஞ்சம் கூடுதலாகும். ஆனால் எந்த டயரிலும் காற்றுக் குறைந்து ஓட்டுவதே பெரிய வீண்செலவு.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

அகலத்தை மாற்றினால் உயரமும் பெரும்பாலும் மாறும். 215/75 ஆர் 15 என்ற டயரில், 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 75 என்பது பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். இந்த டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 235/75 ஆர் 15 மாட்டினால் உயரம் 733 ஆகும். நூற்றுக்கு நான்குக்குச் சற்று அதிகமான இவ்வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மீட்டர் 60 என்று காட்டும்போது வண்டி 62½-க்கு மேல் ஓடும். ஏற்றத்தில் கியர் இழுக்கும் சக்தி குறையும். பிரேக் பிடிக்கவும் அதே அளவு சிரமம் கூடும். ஏற்காட்டு மலைப்பாதையில் பாரத்தோடு இறங்குபவர் கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது முன் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்பதைப் பாரம் ஏற்றிய நிலையிலும் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு டயருக்கும் இன்ன அகலமுள்ள ரிம் என்ற வரம்பு உண்டு. பழைய குறுகிய ரிம்மிலேயே அகல டயரை ஏற்றினால் அதன் நடுப்பாகம் புடைத்து, இங்கிலாந்து வண்டிக்காரர்களின் 9 அங்குலப் பட்டைபோல் நடுவில் மாத்திரம் தரையைத் தொட்டுத் தேயும். புது ரிம் வாங்குபவர்களில் சிலர் பக்கச் சுவர் குட்டையாயுள்ள அலங்கார டயர்களை விரும்புகிறார்கள். ஒற்றை வண்டி செல்லும் கிராம ரஸ்தாவில் எதிரே பஸ் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தைத் தாரிலிருந்து மண்ணில் இறக்கியே தீர வேண்டும். அந்த விளிம்பில் மோதும்போது குட்டைச் சுவர் டயரில் ரிம்மே அடிபடும்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியைச் செய்தவர்கள் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக அதை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. எந்தெந்த அளவு டயர்கள் அனுமதிக்கப்பட்டவை என்பதும், பாரம் உள்ளபோதும் இல்லாதபோதும் எத்தனை பவுண்டு காற்று வைக்க வேண்டும் என்பதும் வண்டியோடு கொடுத்த புஸ்தகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் டிரைவர் பக்கத்துக் கதவின் சட்டத்திலும் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு வெளியே சென்றால், விபத்து நேரும்போது இன்ஷூரன்ஸ் கம்பெனியார் ஆட்சேபம் கிளப்ப இடமுண்டு.

நம்மைக் கேட்டால், பாதிக்கு மேற்பட்ட நாட்கள் தார் ரஸ்தாவில் பாரத்தோடு ஓடும் வண்டிக்குக் கம்பெனி போட்ட குறுகிய, பிளை அதிகமுள்ள டயரையே மறுபடி வாங்குங்கள் என்போம். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல காற்றளக்கும் கருவியும், வண்டியின் 12 வோல்ட் பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பும் வாங்கினால், எந்த அகல டயரும் தராத உபயோகத்தை அவ்விரண்டும் தரும். மணற்பாங்கான ஊர்களில் இலேசான பாரம் ஏற்றுபவர்கள், மீன் கூடை எடுப்பவர்கள், வைக்கோல் வியாபாரிகள் ஆகியோர் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் அகலமானதை வாங்கலாம். அவர்களுக்கும் பம்பு இல்லாமல் முடியாது. ஒரே அச்சில் ஒரு பக்கம் அகலமும் மறுபக்கம் குறுகலுமாக மாட்டுவது மட்டும் எவருக்கும் ஆகாது. இரண்டு சக்கரங்களின் உயரமும் ஒவ்வாமல் பின் அச்சிலுள்ள டிபரன்ஷியல் ஓயாமல் அரைபடும். ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கட்டும்.

வாங்கும்போது பக்கச் சுவரில் நான்கு இலக்கமுள்ள எண்ணைத் தேடிப் பாருங்கள். 3219 என்று இருந்தால் அது 2019-ஆம் வருஷத்தின் 32-ஆவது வாரத்தில் செய்தது. நெடுநாள் கடையில் கிடந்த சரக்கை மலிவென்று தள்ளிவிடுவது உண்டு. ஓட்டத் தொடங்கியபின் மாசத்துக்கு ஒருமுறை தேய்மானத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் நேர் தவறியிருக்கிறது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயர் மோட்டார் வண்டிக்கு உதவாது. பக்கச் சுவர் வெடிக்காமல் இருந்தால் டயர் வண்டிக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். மாடு நடக்கும் வேகத்தில் அதற்கு இன்னும் சில வருஷம் ஆயுள் உண்டு.